ஒசகோட்டையில் விட்டுப்போன ஆள்

அக்கா,

அன்று பஸ்ஸில் ஏறியவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் வந்து நான் இல்லை, நான் இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. உன் மாமியார் முனியம்மா. அவளுடைய தம்பி, தங்க மைனில் மணி அடிக்கிற ஏழுமலை மாமா. உன் வீட்டுக்காரர் ஆறுமுகம். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள், அதாவது நான். அப்புறம் நீ. உங்கள் வீட்டு டிபன் கேரியரும் வந்தது. அதை ஏன் ஆட்களோடு சேர்த்து எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குப் போகப் போகத் தெரியட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி என்னைப் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். இப்போது பெண்களுக்குப் பஸ்ஸில் காசு கிடையாது. அதனால் ஊரிலிருக்கிற பெண்கள் எல்லாரும் பஸ்ஸில்தான் இருக்கிறார்கள். உட்கார இடம்தான் இல்லை. மார்க்கெட்டில் இறங்கி, டவுன் பஸ் மாறி, அந்தத் தெருவுக்குப் போனோம். அதே தெருதான் அக்கா. நாம் அன்று போகக் கிளம்பிய தெரு. அப்போது அதற்குப் பெயர்கூட இல்லை, நாமாகப் பலகாரத் தெரு என்று வைத்துக்கொண்டோம். இப்போது பழம்பெருமை வாய்ந்த தெரு என்று போர்டு வைத்து, விளக்குப் போட்டு, தின்பதற்கு முன்னால் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். ஒரு கடையில் கல்லில் ஒப்பட்டு, அதான் போளி, வெந்துகொண்டிருந்தது. பூரணம் கொஞ்சம் வெளியே கசிந்து, வெல்லம் கல்லில் பட்டுக் கருகுகிற வாசனை வந்ததும் நான் நின்றுவிட்டேன்.

"இன்னா ஆயா, கால் வலிக்குதா?" என்றாள் பேத்தி.

"கால் இல்லடி, கோவம்."

"யார் மேல?"

அந்தக் கூட்டத்தில் நின்று சொல்லுகிற கதையா அது? வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் மறதி என்பது எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம்.

மைன்காரர்களுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைனில் உன் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். உன் அடுப்பு ஊதுகிற சத்தம் என் தலைமாட்டில் கேட்கும். உன் வீட்டில் மூன்று ஆண்கள், மூன்று பேருக்கும் மூன்று ஷிப்டு. மாமனார் பகல் ஷிப்டு, உன் வீட்டுக்காரர் இரண்டாவது ஷிப்டு, கொழுந்தன் ராத்திரி ஷிப்டு. மைன் சங்கு ஊதும்போதெல்லாம் ஒருவன் போவான், ஒருவன் வருவான். வருகிறவனுக்கும் சூடாக வேண்டும், போகிறவனுக்கும் சூடாக வேண்டும். உன் சோறு மட்டும் எப்போதும் ஆறியே இருக்கும். ஒப்பட்டு சுடுகிற நாளில் இன்னும் மோசம். முதல் ஒப்பட்டு சாமிக்கு, அடுத்தது மாமனாருக்கு, அப்புறம் ஷிப்டு வாரியாக. கடைசியில் கல்லில் ஒட்டிக் கிழிந்தது, பூரணம் வழிந்து தட்டையானது, அது உனக்கு. அதையும் நீ நின்றுகொண்டே தின்பாய்.

ஒருநாள் என்னிடம் சொன்னாய். "ஒரே ஒரு நாளு பச்ச. வேற எவளாவது சுட்டு, கல்லுலேர்ந்து எடுத்து, மொதல் ஒப்பட்ட என் கையில வெக்கணும். கை சுடணும். அவ்ளோதான் எனக்கு."

நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. கை சுட வேண்டும் என்று கேட்டாய். அதற்கே எத்தனை பாடு!

உன் வீட்டுக்காரர் பந்தாட்டம் பார்க்கப் பெங்களூர் போய்வந்து அளந்தாரே, அதில்தான் ஆரம்பித்தது. "தெருவுலயே அடுப்ப வெச்சி, கண்ணு முன்னால சுட்டுச் சுட்டுக் குடுக்கறாம்மே. கேட்ட ஒடனே கையில." அவர் சொன்ன அன்றிலிருந்து நீ அந்தத் தெருவிலேயேதான் இருந்தாய். கேட்டுக் கேட்டு, மைனுக்கு லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று முடிவானது. தை மாதம், அவரைக்காய் நாள். கேட்டதும் உன் மாமியார் மோவாயில் கை வைத்தாள்.

"ரோட்டுல நின்னுக்கினு வாயப் பொளந்து துன்றதுக்கு ஒரு பஸ்ஸா? வெக்கமா இல்ல?"

வெட்கப்பட்டவள் மறுநாளே பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து உதறி வெயிலில் போட்டாள். தம்பியையும் வரச் சொல்லிவிட்டாள். ரயிலில் போகலாம் என்று நான் சொன்னேன். "ரயிலு யாருக்கோசரமும் நிக்காது. பஸ்ஸுன்னா ஒரு கொரலு குடுத்தா நிக்கும்" என்றாள். அந்த வார்த்தையை நான் மறக்கவே இல்லை.

அதோடு விட்டாளா? கட்டுச்சோறு இல்லாமல் வாசல்படி தாண்டக்கூடாது என்றாள். அங்கே கிடைப்பது எப்படி இருக்குமோ, யார் கை பட்டதோ என்று ஆயிரம் சொன்னாள். ஆக, அடுத்தவள் சமையலைத் தின்னப் போகிற அன்றைக்கும் விடிவதற்கு முன்னால் எழுந்து நீதான் எல்லாருக்கும் புளிச்சோறு கிளறினாய். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க்கா, இதுக்கு வீட்டுலயே இருக்கலாமே" என்றால், "உடு பச்ச, இன்னிக்கி ஒரு நாளு" என்று சிரித்தாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காததே இந்த உடு பச்சதான்.

ராபர்ட்சன்பேட்டையில் பஸ் ஏறினோம். பெண்கள் சீட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. அதில் நானும் உன் மாமியாரும். நடுவில் ஜன்னலோரம் ஆறுமுகம், பக்கத்தில் நீ, உன் மடியில் கேரியர். பின்வாசல் பக்கத்தில், மணிக்கயிற்றுக்கு நேர் கீழே, ஏழுமலை மாமா.

மாமா செய்த வேலையைத் தெரியாதவர்கள் இப்போது அதிகம். மைனில் ஆட்களைப் பாதாளத்துக்கு இறக்குகிற இரும்புக் கூண்டு, அதுதான் கேஜ். அதன் வாயில் நின்று மணி அடிப்பது அவர் வேலை. ஆட்கள் ஏறுவார்கள், கதவு டமார் என்று சாத்தும், மாமா "ஆளு சரியா?" என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து "சரி" என்று ஒருவன் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் மணி. "சரி"ன்னு சொல்றவன் பக்கத்துல இருக்கறவன் தோளைத் தொட்டுட்டுத்தான் சொல்லணும் என்பார். அந்த வார்த்தையை நம்பித்தான் கூண்டு இறங்கும். ஒருவனுடைய கை வெளியே இருக்கும்போது மணி அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லி நாம் கேட்டதில்லை, கேட்க விரும்பியதும் இல்லை. அவர் அடித்த மணியில் ஒருவனுக்கும் ஒன்றும் ஆனதில்லை. லைன் முழுக்க அவருக்கு அந்தப் பெயர் இருந்தது.

பெங்களூருக்குக் கொஞ்சம் முன்னால், ஒசகோட்டையில் பஸ் நின்றது. கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். உன் மாமியார் திரும்பிப் பார்த்து, "ஏண்டி, தொண்ட காயுது, கூஜாவுல தண்ணி புடிச்சிக்கினு வா" என்றாள். நீ கேரியரை உன் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாய். ரோட்டோரம் அவரைக்காய் மலைமலையாகக் குவித்திருந்தார்கள். அதைத் தாண்டி நீ குழாய்க்குப் போவதை நான் பார்த்தேன். அப்புறம் ஒரு கூட்டம் ஏறி என் பார்வையை மறைத்தது. கடைசியாக ஏறியவன் பின்கதவை இழுத்துச் சாத்தினான். டமார்.

அந்தச் சத்தம் கேட்டதும் ஏழுமலை மாமா கண்ணயர்ந்திருந்தவர் நிமிர்ந்தார். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்கு என்ன செய்தாரோ அதைத்தான் செய்தார்.

"ஆளு சரியா?"

"சரி" என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று அப்புறம் சொல்கிறேன்.

மாமாவின் கை தானாக மேலே போய்க் கயிற்றை இழுத்தது. டிங், டிங். மைனில் அதற்கு இறக்கு என்று பொருள். பஸ்ஸில் போகலாம் என்று பொருள். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

"அக்கா ஏறலியே!" என்று நான் கத்தினேன். டிரைவருக்குத் தமிழும் காதில் ஏறவில்லை, கன்னடமும் ஏறவில்லை, அந்த என்ஜின் போட்ட சத்தம் அப்படி. எழுந்து போய் அவர் முதுகில் தட்டினேன். வண்டி நின்றபோது ஒசகோட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் தெரிந்தது, கண்டக்டரும் வண்டியில் இல்லை என்று.

கொஞ்ச நேரத்தில் அவரைக்காய் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. மேலேயிருந்து கண்டக்டர் குதித்தார்.

"யார்ரீ பெல் ஹொடெதித்து? எவன்யா பெல் அடிச்சது? இது உங்க அப்பன் வூட்டு வண்டியா?"

ஏழுமலை மாமா எழுந்து நின்றார். கேஜில் தப்பு நடந்தால் நிற்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு. "நாந்தாங்க."

"அங்க ஒரு அம்மா கூஜாவ வெச்சிக்கினு நிக்குது. லாரியில ஏறும்மான்னா மாட்டேங்குது. அடுத்த பஸ்ல ஏத்தி வுடச் சொல்லிட்டு வந்துகீறேன். உக்காருங்கய்யா!"

நான் இறங்கினேன். திரும்பி நடக்கிறேன் என்றேன். உன் மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அதான் அடுத்த பஸ்ல ஏத்தி வுடறாங்களே, நீ வேற காணாப் போறியா?" பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் நேரமாகிறது என்று கூச்சல். ஆறுமுகம் என்ன சொன்னார் தெரியுமா? "எங்க போயிடுவா? வருவா வருவா." ஒரு கை கேரியர் மேல். அதன் விளிம்பில் புளி வழிந்திருந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"யாருய்யா சரின்னு சொன்னது?" என்று நான் கேட்டேன். உன் மாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். உன் வீட்டுக்காரர், "நான் தூங்கினு இருந்தேன்" என்றார். கேட்காமலே சொன்னார்.

பெங்களூரில் கலாசிபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், நீ அடுத்த பஸ்ஸில் வரும்வரை நிற்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்புறம் ஆறுமுகம், "நீங்க நில்லுங்க, நாங்க தெருவு எங்கன்னு பாத்துட்டு வந்துர்றோம்" என்று தாயைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். கேரியரை மறக்காமல் எடுத்துக்கொண்டார். நானும் ஏழுமலை மாமாவும் நின்றோம். ஒவ்வொரு பஸ் வரும்போதும் மாமா வாசலுக்கு ஓடுவார். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார். கடைசி ஆள் இறங்கிய பிறகும் உள்ளே எட்டிப் பார்ப்பார். "இதுலயும் இல்லம்மா" என்று என் பக்கத்தில் வந்து நிற்பார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அவர் தின்னவில்லை என்று நானும் தின்னவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். உன் மாமியாருக்கு நாக்கில் கொப்புளம். "கல்லுலேர்ந்து அப்டியே கையில போட்டாண்டி, அவசரப்பட்டு வாயில போட்டுட்டேன்." யாருடைய கை சுடவேண்டிய ஒப்பட்டு அது! ஆறுமுகம் கையில் ஒரு இலைப்பொட்டலம். "உங்களுக்குந்தான். வழியில கொஞ்சம் ஒடஞ்சிபோச்சி." கேரியரைத் தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லை. இனிப்புத் தின்றால் வாய் ஒரு மாதிரி இருக்கிறதாம், அங்கேயே உட்கார்ந்து புளிச்சோற்றையும் முடித்திருக்கிறார்கள்.

திரும்பும்போது ஒசகோட்டையில் பஸ் நிற்பதற்குள் ஏழுமலை மாமா குதித்துவிட்டார். நீ கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கடைப்படியில் உட்கார்ந்திருந்தாய். பஸ்ஸுக்குள் வந்து நேரே மாமியாரிடம் போனாய்.

"தண்ணி கொண்டாந்துட்டேன் அத்த."

"தண்ணிக்கு இத்தினி நேரமாடி?" என்று வாங்கிக் குடித்தாள் அந்த மகராசி.

நான் பொட்டலத்தைப் பிரித்து உன்னிடம் நீட்டினேன். கிழிந்து, ஆறி, இலையில் ஒட்டிக்கொண்ட ஒப்பட்டு. அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வந்தும் அதே கிழிந்த ஒப்பட்டு. "எனக்கு வேணா பச்ச, நீ துன்னு" என்றாய். கோபத்தில் சொல்கிறாய் என்று நினைத்து நான் அழுதேன். நீ அழவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாய் என்று அதற்கும் சேர்த்து நானே அழுதேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. உன் வீட்டுக்காரருக்கு அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில், ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில், எங்கே நாலு பேர் கூடினாலும் ஆரம்பிப்பார். "எங்க மாமா இன்னா பண்ணாரு தெரியுமா? ஆள எண்ணாம பெல்ல அடிச்சி, என் பொண்டாட்டிய ஒசகோட்டையில உட்டுட்டாரு!" எல்லாரும் சிரிப்பார்கள். லைன் பிள்ளைகள் மாமாவுக்கு "ஒசகோட்டை பெல்லு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஷிப்டு முடிந்து வருகிற மனுஷனைப் பார்த்து, "மாமா, ஆளு சரியா?" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். அவர் நடையைக் கொஞ்சம் வேகமாகப் போடுவார். அப்புறம் பஸ் ஏறுவதையே நிறுத்திவிட்டார். பக்கத்திலிருக்கிற பங்காருபேட்டைக்குக்கூட ரயில்தான்.

அவர் காலமாகி, காரியம் முடிந்த மறுநாள். அதுவும் அவரைக்காய் நாள்தான். நீயும் நானும் குழாயடி நிழலில் உட்கார்ந்து, ஊறின அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தோம். நான்தான் ஆரம்பித்தேன். "பாவம் அந்த மனுசன். சரின்னு சொன்ன நாயி யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாமலே பூட்டாரு."

நீ ஒரு கொட்டையைப் பிதுக்கிப் பாத்திரத்தில் போட்டாய். "எனக்குத் தெரியும் பச்ச. நான் ஜன்னல் பக்கமாத்தான வந்துக்கினு இருந்தேன். மாமா கேட்டாரு. இவரு கண்ண மூடிக்கினு, கேரியர் மேல கைய வெச்சித் தொட்டுப் பாத்துட்டு, சரின்னாரு."

எனக்குக் கை நின்றுவிட்டது. எனக்குக் குரல் தெரியும். அது கேரியரைத் தொட்டுச் சொன்ன சரி என்பது அதுவரை தெரியாது.

"கத்தறதுதான? கத்தியிருந்தா நின்னிருக்குமே!"

"வாயத் தொறந்தேன். இன்னான்னு கத்தறது? நான் பக்கத்துலயே கீறேன்னு அவரு சொல்லிட்டாரே."

"மாமாகிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். கயிறு என் கையில தானம்மா இருந்திச்சின்னுட்டாரு."

அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன். நீ நிறுத்தினாயா? ரகசியம் சொல்லுகிற மாதிரி குனிந்து, அன்று நான் சாப்பிட்டேன் என்றாய். குழாய்க்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒருத்தி சமைத்துக்கொண்டிருந்தாளாம். நீ நிற்பதைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாளாம். களியைக் கிண்டி, உருட்டி, பிதுக்கம்பருப்புக் குழம்பை ஊற்றி, முதல் உருண்டையை உன் தட்டில் வைத்தாளாம். அவள் புருஷன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததற்கு, "இருய்யா, மொதல்ல அந்தம்மா" என்றாளாம்.

"கை சுட்டுச்சி பச்ச. ஒப்பட்டு இல்ல, களிதான். ஆனா கை சுட்டுச்சி. அவ பேரக்கூட நான் கேக்கல. அதுக்குள்ள அடுத்த பஸ் வந்து, கேஜிஎப் அம்மா யாரு, ஏறுங்கன்னு கூப்புட்டாங்க. நான் இல்லன்னு தலையாட்டிட்டேன்."

நான் கலாசிபாளையத்தில் பட்டினியாக நின்றுகொண்டு, செத்தாயோ பிழைத்தாயோ என்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ ஒசகோட்டையில் இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கித் தின்றிருக்கிறாய்! பாத்திரத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். நீ என் கையைப் பிடித்தாய். "அவரு மட்டும் சரின்னு சொல்லாம இருந்தா எனக்கு அது கெடச்சிருக்குமா, சொல்லு? அன்னிக்கே அவர மன்னிச்சிட்டேன். நீயும் உடு பச்ச."

உடு பச்ச! விட்டுவிட்டுப் போனவனுக்கு நன்றி சொல்லுகிற பெண்பிள்ளையை நான் உன்னைத் தவிரப் பார்த்ததில்லை. பொங்கல் போய் உகாதி வரும்வரை உன்னோடு பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீ வேண்டுமென்றே அடுப்பைச் சத்தமாக ஊதினாய். நான் அதற்கும் மசியவில்லை. உகாதியன்று விடியற்காலையில் கதவைத் தட்டினாய். கையில் ஒரு ஒப்பட்டு, ஆவி பறக்க. "சாமிக்குக்கூட இன்னும் வெக்கல. கைய நீட்டு." எனக்குக் கை சுட்டது. அதைத் தின்றுகொண்டே உன்னைத் திட்டினேன்.

இப்போது நீயும் இல்லை, அந்தச் சங்கும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழம்பெருமைத் தெருவில் என் பேத்தி சண்டை போட்டுக் கல்லிலிருந்து முதல் ஒப்பட்டை வாங்கி என் கையில் வைத்தாள். உனக்காகத்தான் தின்றேன். நெய் இல்லை, ஏதோ எண்ணெய். ஏலக்காய் பேருக்குத்தான். இதற்கா அவ்வளவு பேரும் கிளம்பினோம் என்று எரிச்சலாக வந்தது. ஒசகோட்டைக்காரியின் களி நிச்சயம் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே நெரிசல். பேத்தி முன்னால் எங்கேயோ மாட்டிக்கொண்டாள். கண்டக்டர் பொண்ணு, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டது. யார் யாரோ "ஆச்சி, ஆச்சி" என்றார்கள். "இரும்மா" என்று கத்திவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், பேத்தியின் தோளைக் கையால் தொட்டேன். அதற்குப் பிறகுதான் சொன்னேன், சரி என்று. எல்லாரும் கிழவியைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஏழுமலை மாமாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். தொடாமல் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது.

ஆட்களை எண்ணிவிட்டு முடிக்கிறேன். ஏழுமலை மாமாவை மன்னிக்க ஒன்றும் இல்லை; அவர் கேட்டுவிட்டுத்தான் அடித்தார். முனியம்மாவுக்கு அன்றே நாக்கு வெந்தது, அவளை விட்டுவிட்டேன். உன்னையும் அந்த உகாதி ஒப்பட்டோடு விட்டுவிட்டேன். நீ மன்னித்தது உன் காரியம், அக்கா. நான் நீ இல்லை. பொண்டாட்டி என்று நினைத்துக் கேரியரைத் தொட்டதற்காகக்கூட இல்லை. வாய் பேசாத ஒரு மனுஷன் தலையில் அதைப் போட்டு, அவர் சாகிறவரை பந்திக்குப் பந்தி சொல்லிச் சிரித்ததற்காக, நான் மன்னிக்காத ஆள் ஒருவன் இருக்கிறான்.

ஆறுமுகம்.